இரண்டாம் எதிர்மனுதாரரின் முகவரி

செகந்திராபாத்தில் என் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்கு மூச்சுவாங்கல். இந்த இடத்தைப் பிடித்தபோது எனக்கு முப்பது வயது. படி ஏறுவது ஒரு பிரச்சினை என்றே தோன்றவில்லை. இப்போது நடுப்படியில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மேலே வருவார்கள்.

தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் ஓய்வூதிய வழக்குகள்தான் என் வேலை. நாச்சாரத்திலிருந்தும் மல்லாபூரிலிருந்தும் வருகிறவர்கள்தான் அதிகம். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் காகிதங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பிறந்த தேதி மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். கம்பெனி கை மாறியிருக்கும், அல்லது இழுத்து மூடியிருப்பார்கள். சிலது சரியாகும், சிலது ஆகாது. தோற்ற வழக்குகளைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இந்த ஒன்றைப் பற்றியும் யாரிடமும் பேசியதில்லை.

அந்த அம்மா ஒரு மழை நாளில் வந்தார். எழுபது வயதிருக்கும். ஸ்டூலில் உட்காராமல் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, கதவுக்கு வெளியே குடையை உதறி மடக்கி, அதைச் சுவரில் சாய்த்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சர்ச்சுல சொன்னாங்க, தமிழ் வக்கீலம்மா இருக்காங்கன்னு. தெலுங்குல பேசி பேசி வாய் வலிக்குது மேடம். ஹிந்தில பேசினா அவங்களுக்கு என் ஹிந்தி புரியல."

உட்காரச் சொன்னேன். அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது. அப்பா ரயில்வேயில் இருந்தவர். அம்மா சீக்கிரம் போய்விட்டார். தம்பியை இவர்தான் வளர்த்திருக்கிறார். தம்பி நாச்சாரத்தில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். இவர் ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயாவாக இருந்தார். முட்டி போனதும் பள்ளியில் நிறுத்திவிட்டார்கள். தம்பி ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்று நான்கு வருடம் பென்ஷன் வாங்கினார். பிறகு ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனவர் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

"நாமினின்னு என் பேர்தான் போட்டிருக்கான். எட்டு மாசமா நடக்கறேன். இன்னைக்கு வா, நாளைக்கு வான்றாங்க. கைக்கு மேடம் இத்தனை லேட்டு?" ஹைதராபாத் உருதுவின் 'கைக்கு', 'ஏன்' என்ற பொருளில், அவர் தமிழில் கலந்திருந்தது.

தம்பி பென்ஷனுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த படிவத்தின் நகல் அவரிடம் இருந்தது. மணமாகாதவர் என்று எழுதி, நாமினி என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டிருந்தார். திருத்தமான கையெழுத்து. குடும்பம் இல்லாத உறுப்பினர் யாரை நியமித்தாரோ அவருக்கு அந்தப் பென்ஷன் போகும். சட்டத்தில் இதில் சிக்கலே இல்லை. இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆகலையா அக்கா?"

"அவனுக்கு நான்தான் மேடம். வேற யாரும் இல்ல."

குறிப்புப் புத்தகத்தில் 'திருமணம் ஆகவில்லை' என்று எழுதினேன். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை பார்க்கிறேன். உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து நான் செய்ததுதான் இதில் பெரிய தவறு. செய்யும்போது அது தவறாகத் தெரியவில்லை, கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. காகிதங்களைப் புரட்டியபோது தம்பியின் பணிக்காலத்தில் ஆறு வருடம் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். தொழிற்சாலை பழைய முதலாளியிடம் இருந்த காலம் அது. அந்த வருடங்களைச் சேர்த்தால் பென்ஷன் கொஞ்சம் கூடும். அந்த அம்மாவுக்கு வாடகையோடு மருந்துச் செலவுக்கும் ஆகுமே என்று நினைத்தேன். தொழிற்சாலையிடமிருந்து பழைய பதிவேடுகளை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று பென்ஷன் அலுவலகத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். நன்றாக எழுதியிருந்தேன். இப்போது அதைப் படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அந்த அலுவலகத்தின் அதிகாரி போனில் கூப்பிட்டு, ஒரு முறை நேரில் வரச் சொன்னார். ஓய்வுக்கு ஒரு வருடமே இருந்த மனிதர். யார் போனாலும் டீ வரவழைப்பார். பழைய நகரத்து உருதுவில் மெதுவாகப் பேசுவார். மேசைமேல் ஓரம் பழுத்த ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

தொழிற்சாலையின் கிடங்கிலிருந்து வந்த குடும்ப விவரப் படிவம். முப்பது வருடத்துக்கு முந்தையது. அதே திருத்தமான கையெழுத்து. மனைவி என்ற கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர், வயது, பொலாரத்தில் அவள் அப்பாவின் முகவரி.

"நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் இது அந்தக் கிடங்கிலேயே கிடந்திருக்கும் மேடம். உங்கள் க்ளையன்ட்டின் ஃபைலைச் சாங்ஷனுக்காக மேலே அனுப்பியிருந்தேன். இது வந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டேன். பார்த்த பிறகு நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாது." உருதுவில் அவர் இதைச் சொன்னபோது குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மனைவி இருந்தால் பென்ஷன் மனைவிக்குத்தான். அவளை விட்டுவிட்டு அக்காவின் பெயரை எழுதினால் அந்த நியமனம் செல்லாது. பிரிந்து வாழ்ந்தாலும் மனைவி மனைவிதான். அவளுடைய இறப்புச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் விவாகரத்துத் தீர்ப்பு வேண்டும். இதை எனக்கு அவர் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் விளக்கினார். டீ ஆறிப்போயிருந்தது. வேறொன்று வரவழைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். படிவத்தின் நகலை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்.

"எட்டு மாசம் மேடம். எட்டு மாசம் இருந்துட்டுப் போயிட்டா. அது ஒரு கல்யாணமா?"

"நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே அக்கா."

"என்ன சொல்றது? அவ பேரை எங்க வீட்டுல எடுத்தே முப்பது வருஷம் ஆச்சு. தம்பி எடுக்க மாட்டான். நானும் எடுக்க மாட்டேன். ஃபாரத்துல கல்யாணம் ஆகலன்னு அவன்தான் எழுதினான், நான் எழுதச் சொல்லல."

"விவாகரத்து வாங்கினாங்களா?"

"சர்ச்சுல கட்டினது. அவ அப்பா கோர்ட்டுப் பக்கமே போக விடல. அப்படியே விட்டுட்டாங்க." கொஞ்சம் பொறுத்து, "அவளுக்கா மேடம் போகும் இது? காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டிபன் கட்டினது யாரு? அவன் காய்ச்சல்ல கெடந்தப்ப பாத்தது யாரு?" என்று கேட்டார்.

டிபன் கட்டியதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மனைவியைத் தேடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவள் இறந்திருந்தால் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொலாரம் முகவரியில் அப்பா இல்லை, அண்ணனின் குடும்பம் இருந்தது. அண்ணி சந்தேகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு ஒரு போன் நம்பர் கொடுத்தார். கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லி, தொழிற்சாலையின் பெயரையும் சொன்னேன்.

"இருக்காரா?" என்றாள்.

இறந்துவிட்டார் என்று சொன்னேன்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. உக்காந்த இடத்துலயே போயிட்டார்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னாள். அந்த நேரத்தில் 'அவர்' வீட்டில் இருக்க மாட்டார் என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

ராமச்சந்திராபுரத்தில், பெரிய தொழிற்சாலையின் குடியிருப்பைத் தாண்டி, ஓய்வு பெற்றவர்கள் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட ஒரு காலனி. கேட்டில் தெலுங்கில் வீட்டுக்காரரின் பெயர். வாசலில் மாவிலைத் தோரணம். கதவைத் திறந்தவளுக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, கறுப்பு மணி. ஹாலில் ஓர் இளம்பெண் லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காதிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்துவிட்டு எழுந்தாள்.

"என் பொண்ணு. வீட்டுல இருந்துதான் வேலை," என்றாள் தாய். பிறகு மகளிடம் தெலுங்கில், பழைய பள்ளித் தோழி வந்திருக்கிறாள், டீ போடு என்றாள். மகள் சமையலறைக்குள் போனதும் என்னிடம், "அவளுக்குத் தமிழ் வராது மேடம். அப்பா தெலுங்கு. நீங்க தமிழ்லயே பேசுங்க," என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"எனக்கு அந்தப் பென்ஷன் வேணாம். அவங்களுக்கே குடுக்கச் சொல்லுங்க. எங்க கையெழுத்து போடணும்னு சொல்லுங்க, போட்டுத் தரேன்."

இப்படி ஒரு பதிலை எந்த வழக்கிலும் யாரும் எனக்குத் தந்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் எனக்குத் தெரியவில்லை. பென்ஷன் என்பது வீடு, நிலம் மாதிரி இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கக்கூடியது இல்லை என்று விளக்கினேன். மனைவி வாங்கலாம், இல்லையென்றால் வாங்காமல் இருக்கலாம். வேண்டாம் என்றால் அது அவளோடு நின்றுபோகுமே தவிர, நாத்தனாருக்குப் போகாது.

"நான் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு சொன்னா?"

"மறுகல்யாணம் பண்ணிக்கிட்ட மனைவிக்குப் பென்ஷன் கிடையாது. ஆனா நீங்க அவரை விவாகரத்து பண்ணல. அவர் உயிரோட இருக்கறப்பவே நடந்த இந்தக் கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமா எடுத்துக்காது."

"அப்ப நான் யாரு மேடம்?"

"சட்டப்படி நீங்க அவரோட விதவை," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஆணியில் மாட்டியிருந்த ஆண் சட்டை ஒன்றைப் பார்த்தாள். அந்தச் சட்டைக்காரர் அப்போது காய்கறி வாங்கப் போயிருந்தார். "இவருக்கு எல்லாம் தெரியும். பொண்ணுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. எங்க கல்யாணம் கோயில்ல நடந்துச்சுன்னு மட்டும் தெரியும்," என்றாள்.

அவளே பென்ஷனுக்கு விண்ணப்பித்து, வருவதை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை எனக்குள் ஓடியது. ஒரு வக்கீல் சொல்லக் கூடாத யோசனை. வருடா வருடம், நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அவள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ரேஷன் கார்டிலிருந்து வங்கிக் கணக்கு வரை அவள் இன்னொருவரின் மனைவி. நான் அதைச் சொல்லவில்லை.

"அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"முட்டிவலி. தனியா இருக்காங்க."

"நல்லாத்தான் சமைப்பாங்க," என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு வேலை கிடையாது மேடம். சமையல் அவங்க. அவர் சட்டைக்குப் பட்டன் தைக்கறது அவங்க. எங்க ரூம் கதவைச் சாத்தினா, கைக்குச் சாத்தினேன்னு காலைல கேப்பாங்க. அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நல்ல மனுஷன்தான். அக்காவுக்கும் எனக்கும் நடுவுல நிக்கத் தெரியல. மசக்கையா இருந்து கலைஞ்சு போச்சு. அன்னைக்கு அவங்க, இது உன்னால ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்னாங்க. அப்புறம் நான் இருக்கல."

மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நாங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதுபோல் கொஞ்சம் சிரித்தோம்.

கிளம்பியபோது மகள் கேட் வரை வந்தாள். ஆட்டோ புக் செய்து தரட்டுமா என்று தெலுங்கில் கேட்டாள். நானே செய்துகொண்டேன் என்றேன். கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, வீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்.

"ஆன்ட்டி, அம்மாவக் கோர்ட்டுக்குக் கூப்பிடாதீங்க. பொலாரத்துல மாமி வீட்டுல எல்லாரும் தமிழ்தான் பேசுவாங்க. சின்னதுல இருந்தே எனக்குப் புரியும். எனக்குப் புரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

தலையை ஆட்டினேன். எதற்கு ஒப்புக்கொண்டு ஆட்டினேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை. ஆட்டோவில் திரும்பி வரும் ஒன்றரை மணி நேரமும் அந்தப் பெண் மிகவும் கவனமாகக் கூட்டிச் சேர்த்த அந்த வாக்கியங்கள் காதில் இருந்தன.

என் க்ளையன்ட் அந்த அக்கா. அவருக்கு எது நல்லதோ அதைச் செய்வதுதான் என் கடமை. நான் அறிந்ததை அவரிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. எனவே எல்லாவற்றையும் சொன்னேன், கேட்டில் அந்த மகள் சொன்னதைத் தவிர. அதைச் சொல்ல மனம் வரவில்லை. அது சரியா தவறா என்று இன்றும் தெரியாது.

அவர் கேட்டது ஒன்றுதான். "புள்ள இருக்கா அவளுக்கு?"

"ஒரு பொண்ணு."

"ம்," என்றார்.

உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு போட்டுப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். முப்பது வருடம் பிரிந்து வாழ்ந்த மனைவி, உரிமை கோராத மனைவி, கூடவே வாழ்ந்து கவனித்த அக்கா, தன் கையாலேயே அக்காவின் பெயரை எழுதிய தம்பி. சட்டத்தின் எழுத்து எதிராக இருந்தாலும், நீதிபதியின் மனம் இளகினால் ஒரு வழி பிறக்கலாம். மனுவில் பென்ஷன் அலுவலகத்தை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்தேன். மனைவியைப் பற்றி, பிரிந்து போய்விட்டார் என்று ஒரே ஒரு வரி.

நீதிபதி பொறுமைசாலி. மனு முழுவதையும் படித்துவிட்டே வந்திருந்தார். அலுவலகத்தின் வக்கீலும் எனக்கு எதிராக ஆவேசமாகப் பேசவில்லை. விதி இது, இதை மீற எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

"இந்த அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, கவுன்சல். ஆனால் நீங்கள் கேட்பது இன்னொரு பெண்ணின் உரிமை. அவளைக் கேட்காமல் நான் எப்படி உத்தரவு போடுவது? அவளை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேருங்கள். நோட்டீஸ் போகட்டும். அவள் வந்து, எனக்கு ஏன் வேண்டாம் என்று சொல்லட்டும். பிறகு பார்க்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார்.

மனைவியைச் சேர்க்கும் மனுவைத் தட்டச்சு செய்து வைத்தேன். பெயர், வயது, இன்னாரின் மகள், முகவரி. முகவரிக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அதில் ராமச்சந்திராபுரம் என்று எழுதினால் கோர்ட் நோட்டீஸ் அந்தக் கேட்டுக்குப் போகும். அவள் வந்து ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், கணவன் இருக்கும்போதே வேறொருவரோடு கல்யாணம் நடந்ததை நீதிமன்றத்தில் தன் வாயால் ஒப்புக்கொண்டதாகும். பொய் சொன்னால் பொய்ச் சத்தியம். இவ்வளவும் நடந்த பிறகும் அக்காவுக்குப் பென்ஷன் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. என் கணக்கில் கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்தவரை நேர்மையாகச் சொன்னேன். ஒரு பக்கம் சாய்த்துச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"நீங்க சொல்லுங்க மேடம். போடலாமா, வேணாமா?"

"அதை நான் சொல்ல முடியாது அக்கா. உங்க வழக்கு."

"படிச்சவங்க நீங்களே இப்படிச் சொன்னா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்ததைப் போல எந்த நீதிபதி முன்னாலும் நின்றதில்லை. பேனாவை அவரிடம் கொடுத்தேன். வாங்கி, மூடியைக் கழற்றி, அந்தக் காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்தின் விலையைக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பேனாவை மூடினார்.

"நக்கோ மேடம், வேணாம். விட்டுடுங்க."

அவள் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்து நான் ஏதோ பாராட்டாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் இல்ல. அவ கோர்ட்டுல வந்து நின்னா, கைக்குப் போனேன்னு ஜட்ஜு கேப்பாரு. அவ சொல்லுவா. பொய் சொல்ற பொண்ணு இல்ல அவ. அத்தனை பேர் நடுவுல அதைக் கேட்டுக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது."

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நீதிபதி ஒரு கணம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, உறுதிதானா என்று கேட்டார். உறுதிதான் என்றேன். பென்ஷன் அலுவலகத்தில் அந்த அதிகாரி ஃபைலில், உரிமை கோரத் தகுதியானவர் எவரும் வரவில்லை என்று குறிப்பெழுதி முடித்தார். அந்த மனிதர் முப்பத்துநான்கு வருடம் லேத்தின் முன்னால் நின்று சேர்த்தது இப்போது யாருக்கும் போகவில்லை. மனைவிக்கு வேண்டாம், அக்காவுக்குக் கிடையாது. எங்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட ஓர் இடம் இருந்திருக்கும்.

அந்த அம்மா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மல்லாபூரில் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டின் பின்கட்டு அறைக்குப் போனார். என்னால் ஆனது, அரசாங்கத்தின் முதியோர் உதவித்தொகைக்கு அவர் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததுதான். அதற்கு வக்கீல் தேவையில்லை. ஆனாலும் அவர் தனியாகப் போய் அலையக் கூடாது என்று ஒரு காலையில் வார்டு அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். டோக்கன் கொடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் நாற்பது பேர். சுவரோரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

அவர் டோக்கனைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே ஆரம்பித்தார்.

"அவ போய் ஒரு மாசம் இருக்கும் மேடம். ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி சட்டையை அவனே இஸ்திரி பண்ணிப் போட்டுக்கிட்டான். பொலாரம் போறேன்னான். அவளைக் கூட்டிட்டு வரேன்னான். நான் ஒண்ணும் சொல்லல. போயிட்டு வான்னேன். அவன் பஸ் ஸ்டாப் போயிருப்பான். பக்கத்து வீட்டம்மாவக் கூப்பிட்டு, குழாயடில வழுக்கி விழுந்துட்டேன், எந்திரிக்க முடியலன்னேன். அந்தம்மா ஓடிப் போய் அவனைக் கூட்டிட்டு வந்துட்டா."

"அடி பலமா அக்கா?"

"விழல மேடம்."

கவுன்ட்டரில் ஏதோ எண் கூப்பிட்டார்கள். எங்கள் எண் இல்லை.

"டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனான். டாக்டர் அமுக்கிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னார். அவன் என்னைப் பாத்தான். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தான். அதுக்கப்புறம் அவ பேச்சையே எடுக்கல. கடைசி வரைக்கும் எடுக்கல. என்னை ஒரு வார்த்தை கேட்டதும் இல்ல."

அவர் அழவில்லை. நான் என்னவோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது போலக் காத்திருந்தார். இல்லை, திட்ட வேண்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த டோக்கனை வாங்கி நீவிப் பிரித்து, எண்ணைப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள்.